தயிரும் பழமும் சேரலாமா? ஒரு பழைய கேள்வியும் அதன் பல பதில்களும்

ஒரு கிண்ணம் கெட்டித் தயிர், நறுக்கிய வாழைப்பழமோ மாம்பழமோ மாதுளை முத்துகளோ, மேலே ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை. அடுப்பைப் பற்றவைக்காமல் ஐந்து நிமிடத்தில் கூட்டிவிடக்கூடிய காலை உணவு இது. நகரத்து உணவியலாளர்கள் பலர் இதைத் தயங்காமல் பரிந்துரைக்கிறார்கள். ஆயுர்வேத மருத்துவர்கள் பலர் அதே உறுதியோடு விலக்கச் சொல்கிறார்கள். சளி பிடிக்கும், தோலில் வெள்ளைத் திட்டு வரும் என்ற எச்சரிக்கை பல வீடுகளில் தலைமுறைகளாக இருந்துவருகிறது. இரு தரப்பும் தம் பக்கம் ஆதாரம் இருப்பதாகச் சொல்கின்றன. அந்த ஆதாரங்கள் எங்கிருந்து வந்தன, எவ்வளவு தூரம் தாங்கும் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நூல்கள் எதைத் தடுத்தன

விலக்கின் வேர் ஆயுர்வேதத்தின் ‘விருத்த ஆகாரம்’ என்ற கோட்பாட்டில் இருக்கிறது. தனித்தனியே நல்லவையான இரண்டு உணவுகள் சேரும்போது உடலுக்கு ஒவ்வாதவை ஆகலாம் என்பது அதன் சாரம். சரக சம்ஹிதையின் சூத்திரத்தானம் 26ஆம் அத்தியாயம் இதை விரிவாகப் பேசுகிறது. இடம், காலம், அளவு, பக்குவம், சேர்க்கை, உண்ணும் முறை என 18 வகை முரண்களை அது வகுக்கிறது. இரண்டு பொருள்களின் சேர்க்கை அவற்றில் ஒன்றுதான்.

இன்று அதிகம் கவனிக்கப்படாத செய்தி ஒன்று அங்கே உண்டு. பழங்களின் நீண்ட பட்டியலைச் சரகர் அடுக்குவது பாலைப் பற்றிப் பேசும்போது. மா, பலா, வாழை, நாவல், விளா, மாதுளை, நெல்லி உள்ளிட்டவற்றையும் புளிப்பான எதையும் பாலோடு சேர்க்க வேண்டாம் என்கிறார். தயிருக்கு அப்படி ஒரு பொதுத் தடை அந்தப் பட்டியலில் இல்லை. தயிரோடு வாழைப்பழத்தைச் சேர்க்கக் கூடாது என்ற விதி சுசுருதரிடமும், ஏழாம் நூற்றாண்டை ஒட்டி வாழ்ந்த வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயத்திலும் காணப்படுகிறது. தயிர், மோர், பனம்பழம் ஆகியவற்றோடு வாழைப்பழம் ஆகாது என்கிறார்கள். சுசுருதர் பாலையும் சேர்த்துக்கொள்கிறார். ஆக, நூல்களின் அடிப்படையில் உறுதியாகச் சொல்லக்கூடியது தயிர்–வாழைப்பழம் பற்றிய தடை. எல்லாப் பழங்களுக்கும் அதை நீட்டியது பிற்கால வழக்கு. பாலுக்குரிய பட்டியல் மெல்லத் தயிரின் மேல் ஏற்றப்பட்டிருக்கலாம்.

சரக சம்ஹிதையின் இன்னோர் இடம் விவாதத்தையே திருப்பிப் போடுகிறது. சூத்திரத்தானம் 7ஆம் அத்தியாயத்தில் தயிர் உண்ணும் விதிகள் வருகின்றன. இரவில் உண்ணக் கூடாது, சூடாக்கி உண்ணக் கூடாது என்பவற்றோடு, நெய், சர்க்கரை, பாசிப்பயற்றுச் சாறு, தேன், நெல்லிக்காய் ஆகியவற்றின் துணையில்லாமல் உண்ணக் கூடாது என்றும் சொல்லப்படுகிறது. அதாவது ஒரு புளிப்புக் காய்கனியைத் தயிருக்குத் துணையாகவே நூல் வைக்கிறது. இரவு விலக்கப்பட்டிருப்பதால், பகல் உணவாகத் தயிர் உண்பதற்கு இங்கே இடம் இருக்கிறது. வசந்தம், கோடை, சரத் காலங்களில் தயிரைக் குறைக்கச் சொல்லும் பருவ எச்சரிக்கையும் உண்டு. அதையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும்.

விலக்குக்கு விலக்கும் அதே 26ஆம் அத்தியாயத்தில் கிடைக்கிறது. அந்த உணவுக்குப் பழகியவர், கொஞ்சமாக உண்பவர், செரிமானத் தீ நன்றாக இருப்பவர், இளைஞர், உடற்பயிற்சியால் வலுப்பெற்றவர் ஆகியோரை முரணுணவு பாதிப்பதில்லை என்கிறார் சரகர். இந்த நிபந்தனைகள் கோட்பாட்டின் உடலோடு ஒட்டியவை. அவற்றை வெட்டிவிட்டுத் தடையை மட்டும் பரப்பும் இன்றைய பழக்கம் நூலுக்கு நியாயம் செய்வதாகத் தெரியவில்லை.

சித்த மருத்துவ மரபிலும் தயிருக்குத் தனி இடம் உண்டு. தேரையர் பெயரில் வழங்கும் நோயணுகா விதி நன்றாக உறைந்து முற்றிய தயிரை ஏற்கிறது, மோரை நீர்க்கப் பெருக்கிக் குடிக்கச் சொல்கிறது, வாழையில் பழத்தைவிட இளம்பிஞ்சை விரும்புகிறது. ஒவ்வொரு பொருளும் எந்தப் பக்குவத்தில் உள்ளே போகிறது என்பதே அங்கே முன்னிற்கும் கவலை.

கோட்பாட்டின் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். தயிர் கனமானது, கபத்தை வளர்ப்பது. வாழைப்பழமும் கனமானது, குளிர்ச்சியானது. இரண்டும் சேர்ந்தால் செரிமானம் மந்தப்பட்டு, ஆமம் எனப்படும் செரிக்காத எச்சம் தங்கும் என்பது விளக்கம். ஆமம் என்பதை இன்றைய ஆய்வகத்தில் எதை அளந்து காட்டுவது என்பதில் ஒத்த கருத்து இல்லை. விளைவுகள் பல ஆண்டுகளில் வெளிப்படும் என்று சொல்லப்படுவதால் ஒருவருக்கு உடனே எதுவும் நேராதது கோட்பாட்டை மறுப்பதாகவும் ஆகாது, நேர்ந்தது நிறுவுவதாகவும் ஆகாது.

அடுப்படியின் சாட்சி

நூல் ஒருபுறமிருக்க, தென்னிந்தியச் சமையலறை வேறொரு பதிலை நெடுங்காலமாகச் சொல்லி வந்திருக்கிறது. தயிர்ச்சாதத்தில் மாதுளை முத்தும் திராட்சையும் போடுவது தமிழ்நாட்டில் வெகு இயல்பு. மாம்பழ மோர்க்குழம்பு கோடையின் உணவு. கேரளத்தில் மாம்பழப் புளிசேரியும், ஓணச் சத்யையில் பரிமாறும் அன்னாசிப் பச்சடியும் பழத்தையும் தயிரையும் நேரடியாகச் சேர்ப்பவை. மராட்டியத்தின் ஆம்ரகண்ட் வடித்த தயிரில் மாம்பழக் கூழ் கலந்து செய்வது.

பழக்கம் என்பதாலேயே ஓர் உணவு நல்லது என்று ஆகிவிடாது. ஆனாலும் இத்தனை சமையல் மரபுகள் தடையை மீறியே வளர்ந்தன என்று சொல்வதைவிட, தடை அவ்வளவு அகலமாக இருந்ததில்லை என்று கொள்வதே பொருத்தமாகப் படுகிறது. இந்த உணவுகளில் வாழைப்பழம் அரிதாகவே வருகிறது என்பதும் கவனத்துக்குரியது. பழனிப் பஞ்சாமிர்தத்தில் வாழைப்பழம், வெல்லம், தேன், நெய், ஏலம் எல்லாம் உண்டு. தயிரும் பாலும் இல்லை. இது தற்செயலா, பழைய விதியின் தடமா, கெடாமல் வைக்கும் தேவையால் வந்ததா என்று உறுதியாகச் சொல்லச் சான்று போதாது. தயிர் சேர்ந்திருந்தால் அது அத்தனை நாள் தாங்கியிருக்காது என்பது மட்டும் தெளிவு.

காலையில் அடுப்பில்லாமல் உண்பதும் நமக்கு வெளியிலிருந்து வந்த வழக்கமில்லை. முதல் நாள் சோற்றை நீரில் ஊறவைத்து, காலையில் மோர் ஊற்றிப் பிசைந்து, சின்ன வெங்காயத்தோடு உண்ணும் பழையசோறு அப்படிப்பட்டதுதான். புளித்த பால்பொருளைக் காலையில் ஏற்பது பற்றி உழைக்கும் மக்களின் வயிறு எப்போதோ முடிவுக்கு வந்துவிட்டது.

ஜெனீவா, பாரிஸ், சூரிச்

தயிரையும் பழத்தையும் நலவாழ்வின் சின்னமாக்கிய நவீனக் கருத்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் உருவானது. அது இரண்டு தனித்தனி ஓடைகளாக வந்தது.

முதலாவது தயிரின் ஓடை. பல்கேரிய மாணவர் ஸ்தாமென் கிரிகோரவ் 1905இல் ஜெனீவாவில் தம் நாட்டுத் தயிரை ஆராய்ந்து அதை உறையவைக்கும் பாக்டீரியாவை அடையாளம் கண்டார். பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் பணியாற்றிய எலி மெச்னிகோவ் அதைத் தம் கோட்பாட்டின் மையத்தில் வைத்தார். பெருங்குடலில் நடக்கும் அழுகலே முதுமையை விரைவுபடுத்துகிறது, லாக்டிக் அமிலம் உண்டாக்கும் பாக்டீரியா அதைத் தடுக்கும் என்பது அவர் வாதம். நோயெதிர்ப்பு ஆய்வுக்காக 1908இல் பால் எர்லிக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் என்பதால் அவர் சொல்லுக்கு எடை இருந்தது. 1919இல் ஐசக் கராசோ பார்சிலோனாவில் தொடங்கிய டானோன் தயிர் முதலில் மருந்துக் கடைகளில் விற்கப்பட்டது. ஆனால் மெச்னிகோவ் நம்பிய பாக்டீரியா மனிதக் குடலில் நிலையாகக் குடியேறுவதில்லை என்பது பிந்தைய ஆய்வுகளில் தெரியவந்தது. அவர் கருத்தின் முதல் வடிவம் அங்கே தளர்ந்தது.

இரண்டாவது பச்சைப் பழத்தின் ஓடை. சூரிச்சில் மாக்ஸிமிலியன் பிர்ஷர்-பென்னர் 1900 வாக்கில் நோயாளிகளுக்கு ஓர் ஆப்பிள் உணவைக் கொடுத்தார். துருவிய பச்சை ஆப்பிள் அதில் முதன்மை. ஊறவைத்த ஓட்ஸ், எலுமிச்சைச் சாறு, கொட்டைகள், சர்க்கரை சேர்த்துச் சுண்டவைத்த பால் ஆகியவை துணை. இன்று மூஸ்லி என்று வழங்குவதன் மூலம் இதுவே. அதில் தயிர் இல்லை, தானியமும் மிகக் கொஞ்சம். சமைக்காத தாவரத்தில் சூரிய ஆற்றல் தங்கியிருக்கிறது என்று அவர் நம்பினார். அந்த விளக்கத்தை உடலியல் ஏற்கவில்லை. பழமும் முழுத் தானியமும் நல்லவை என்ற அவர் முடிவு வேறு காரணங்களால் நிலைத்துவிட்டது.

இரு ஓடைகளும் கலந்ததில் வணிகத்துக்குப் பெரிய பங்குண்டு. தயிர்க் கிண்ணத்தில் பழக்கூழ் நுழைந்ததன் முதற் காரணம் நலவாழ்வு அல்ல. 1933இல் பிராக் நகரப் பால்பண்ணை ஒன்று தயிரைக் கெடாமல் காக்கும் உத்தியாகப் பழ ஜாம் சேர்க்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றது. 1947இல் அமெரிக்காவில் டானன் (டானோனின் அமெரிக்கப் பெயர்) அடியில் ஸ்ட்ராபெர்ரிக் கூழ் வைத்த கோப்பையை விற்றது, தயிரின் புளிப்பை விரும்பாதவர்களுக்காக. நலவாழ்வு என்ற விளம்பரம் பின்னால் வந்து சேர்ந்தது. அதன் விளைவை இன்றும் காணலாம்: பிரிட்டன் கடைகளில் விற்ற சுமார் 900 தயிர் வகைகளை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வில், வெறும் தயிரும் கிரேக்க வகையும் தவிர்த்த பெரும்பாலானவற்றில் சர்க்கரை மிகுதியாக இருந்தது தெரிந்தது. பழம் படம் போட்ட கோப்பையை வீட்டில் நறுக்கிப்போட்ட பழத்துக்கு ஈடாக எண்ணுவது தவறு.

பிரித்து உண்ணும் மேற்கத்தியப் பள்ளி

‘சேரக் கூடாது’ என்ற வாதம் இந்தியாவுக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஹோவர்ட் ஹே புரதத்தையும் மாவுச்சத்தையும் ஒரே வேளையில் உண்ணக் கூடாது என்றார். ஹெர்பர்ட் ஷெல்டன் பழத்தைத் தனியே, வெறும் வயிற்றில் உண்ணச் சொன்னார். தமிழில் இன்று இயற்கை மருத்துவம் என்ற பெயரில் வரும் பல பரிந்துரைகள், பழத்தோடு எதையும் சேர்க்காதே என்பது உட்பட, ஆயுர்வேதத்தைவிட ஷெல்டனுக்கே நெருக்கமானவை.

இந்தப் பள்ளியின் அடிப்படை எளிதில் அசைகிறது. இரைப்பையும் சிறுகுடலும் புரதம், கொழுப்பு, மாவுச்சத்து மூன்றையும் ஒரே சமயத்தில் கையாளும் நொதிகளைக் கொண்டவை. பருப்பு, தானியம் போன்றவற்றில் புரதமும் மாவுச்சத்தும் இயற்கையிலேயே சேர்ந்திருக்கின்றன. ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனை ஆய்வாளர்கள் 2000இல் வெளியிட்ட ஆய்வில், பிரித்து உண்டவர்களுக்கும் அதே ஆற்றல் அளவில் கலந்து உண்டவர்களுக்கும் எடைக் குறைவில் வேறுபாடு தெரியவில்லை. அது ஆறு வாரமே நடந்த ஆய்வு என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஆய்வகம் சொல்வது

நவீன ஊட்டச்சத்து ஆய்வுகளில் மிக உறுதியாக நிற்பது லாக்டோஸ் பற்றிய முடிவு. பால் ஒத்துக்கொள்ளாத பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்கிறது. உயிருள்ள பாக்டீரியாவே லாக்டோஸைச் சிதைக்க உதவுவது காரணம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010இல் இதை ஏற்றுக்கொண்டது.

அடுத்த படியில் உறுதி குறைகிறது. ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட சோதனையில், 10 வாரம் புளித்த உணவுகளை மிகுதியாக உண்டவர்களின் குடல் நுண்ணுயிர்ப் பன்மை கூடியது, அழற்சியைக் காட்டும் சில புரதங்கள் குறைந்தன. பங்கேற்றவர்கள் 36 பேரே. தயிரும் பலவகைப் புளித்த உணவுகளில் ஒன்றாகத்தான் இருந்தது. 2024இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், வாரம் குறைந்தது 2 கப் தயிர் இரண்டாம் வகை நீரிழிவின் ஆபத்தைக் குறைக்கலாம் என்று எழுத அனுமதித்தது, சான்று குறைவானது என்ற குறிப்போடு.

தயிரும் பழமும் சேர்வதால் தனிப்பலன் உண்டா என்பதுதான் நம் கேள்விக்கு நேரானது. பழத்தின் நார்ச்சத்து தயிரின் பாக்டீரியாவுக்கும் குடலில் ஏற்கெனவே வாழ்பவற்றுக்கும் உணவாகலாம், ஆகவே இரண்டும் சேர்ந்தால் பலன் கூடலாம் என்று கனடாவின் லவால் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மெலிஸா பெர்னாண்டஸும் ஆந்த்ரே மாரெட்டும் 2017இல் எழுதினார்கள். நல்ல கருதுகோள்தான், ஆனால் கருதுகோள் என்ற அளவில்தான் அதை வைக்க முடியும்.

எதிர்த்திசையிலும் குறிப்புகள் உண்டு. பாலோடு உண்ணும்போது ப்ளூபெர்ரியின் ஆக்ஸிகரண எதிர்ப்பு விளைவு குறைவதாக 2009இல் ஓர் இத்தாலிய ஆய்வு சொன்னது. அது பால், தயிரல்ல. 2023இல் வெளிவந்த இன்னொன்றில், வாழைப்பழம் கலந்த ஸ்மூத்தியைக் குடித்தவர்களின் ரத்தத்தில் சேர்ந்த ஃப்ளேவனால் என்ற தாவரச் சேர்மத்தின் அளவு 84 சதவீதம் குறைந்தது. வாழையை வெட்டினால் கறுக்கவைக்கும் அதே நொதி காரணம். சோதனைக் குழு மிகச் சிறியது, அந்த ஸ்மூத்தியில் தயிரும் இல்லை. ஆனாலும் பழத்தோடு எந்தப் பழத்தைச் சேர்க்கிறோம் என்ற கேள்வி முக்கியமாகலாம் என்பதை அது காட்டுகிறது.

சளி பற்றிய அச்சத்தையும் சோதித்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 1990இல் வெளியான ஆய்வில், சளிக் கிருமி செலுத்தப்பட்டவர்கள் குடித்த பாலின் அளவுக்கும் மூக்கிலிருந்து வெளியேறிய சளியின் அளவுக்கும் தொடர்பு தெரியவில்லை. வெண்திட்டு நோயை இன்றைய மருத்துவம் உடலின் நோயெதிர்ப்பு தன் நிறமிச் செல்களையே தாக்குவதால் வருவதாக விளக்குகிறது. உணவுச் சேர்க்கையை அதன் காரணமாகக் கொள்வதில்லை.

கிண்ணத்துக்குள் நடப்பது

வயிற்றைப் பற்றிய விவாதத்தில் கிண்ணத்தை மறந்துவிடுகிறோம். பழம் தயிரைக் கெடுக்கும் என்ற பேச்சுக்குக் கண்கூடான வேதியியல் அடிப்படை ஒன்று அங்கே இருக்கிறது.

பச்சை அன்னாசியில் ப்ரோமலைன், பப்பாளியில் பப்பெய்ன், கிவியில் ஆக்டினிடின் என்ற புரதம் சிதைக்கும் நொதிகள் உள்ளன. அத்திப்பழத்திலும் இத்தகைய நொதி உண்டு. இவை தயிரின் கட்டுமானமான கேசின் புரதத்தை நறுக்கிவிடும். அன்னாசித் துண்டுகளைக் கலந்து சிறிது நேரம் வைத்தால் தயிர் நீர்த்து, கசப்பேறுவது இதனால்தான். அது நஞ்சு அல்ல, ஆனால் உண்ண விருப்பமிருக்காது. ஓணத்து அன்னாசிப் பச்சடியில் பழத்தை முதலில் வேகவைத்து, ஆறவிட்டு, பிறகே தயிர் சேர்க்கிறார்கள். வெப்பம் நொதியை அழித்துவிடுகிறது. நொதியின் பெயர் தெரியாமலே சமையல் கண்ட தீர்வு அது. மாதுளை, சப்போட்டா, ஆப்பிள், கொய்யா, மாம்பழம் ஆகியவற்றில் இந்தச் சிக்கல் எழுவதில்லை.

சர்க்கரையும் வேலை செய்கிறது. நறுக்கிய பழத்தில் சர்க்கரை தூவினால் சாறு வெளியே இழுக்கப்படும், தயிர் தளரும். ஆகவே சமைக்காத கிண்ணத்துக்கு உண்ணும் நேரத்தில் கலப்பதே ஒரே ஒழுங்கு. பழத்தைக் கழுவித் துடைத்துவிட்டு நறுக்க வேண்டும். சமைக்காத உணவில் கிருமியைக் கொல்லும் கட்டம் வேறெதுவும் கிடையாது. முந்தைய மாலை உறை ஊற்றிய தயிர் காலையில் இளம்புளிப்பாக இருக்கும். மேலும் ஒரு பகல் வெளியே இருந்தால் புளிப்பு ஏறி, அதை அடக்கச் சர்க்கரை கேட்கும். பழத்தின் இனிப்பே போதும் என்ற நிலையில் தயிரைப் பிடிப்பதில்தான் இந்த உணவின் வெற்றி இருக்கிறது.

காலைக்கு இது போதுமா

தனித்தனியே நல்லவை என்றாலும் இரண்டும் மட்டும் ஒரு வேளை உணவாகுமா என்பது வேறு கேள்வி. வீட்டில் உறையவைத்த தயிர் 200 கிராமில் புரதம் 6 முதல் 7 கிராம்தான். ஒரு வாழைப்பழம் 1 கிராம் சேர்க்கும். மொத்த ஆற்றல் 220 கலோரிக்கு அருகில் நிற்கும். உழைப்பவருக்கு இது குறைவு. 20 கிராம் வேர்க்கடலை சேர்த்தால் புரதம் இன்னும் 5 கிராம் கூடும். தயிரைத் துணியில் கட்டி வடித்தால் புரதம் அடர்த்தியாகும். கொட்டைகளைச் சேர்க்கச் சொன்ன பிர்ஷர்-பென்னரின் முறை இந்த ஓர் அம்சத்தில் இன்றைய கோப்பைத் தயிரைவிட முன்னே நிற்கிறது.

காலை உணவே உடல் எடையைக் காக்கிறது என்ற பிரசாரத்தை ஆதரிக்கச் சான்று இல்லை என்று ஆஸ்திரேலிய மொனாஷ் பல்கலைக்கழகத்தார் 13 சோதனைகளைத் தொகுத்து 2019இல் காட்டினர். எனவே எடை குறையும் என்ற வாக்குறுதியோடு இந்தக் கிண்ணத்தை நீட்டுவது சரியல்ல. சிறுநீரகம் தளர்ந்தவர்கள் தயிரிலும் வாழையிலும் உள்ள பொட்டாசியத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் பழத்தின் அளவைப் பார்க்க வேண்டும்.

திறந்து நிற்பவை

சேர்க்கை நஞ்சு என்பதற்குச் சான்று இல்லை. சேர்க்கை தனியொரு மருந்து என்பதற்கும் வலுவான சான்று இல்லை. பொதுவான உடல்நலம் உடையவர் அளவோடு உண்பதில் தயங்கக் காரணம் காணவில்லை. உண்டபின் வயிறு கனக்கிறது என்று ஒருவர் சொன்னால் அதை மூடநம்பிக்கை என்று தள்ளவும் காரணம் இல்லை. தயிர்–வாழை என்ற குறிப்பிட்ட இணை குறித்து மட்டும் நூல் மரபின் எச்சரிக்கை தெளிவாக இருப்பதால், அதைத் தனியே எடுத்துச் சோதிப்பது பொருத்தம்.

ஆய்வுகளின் பெரும்பகுதி இரண்டு குறிப்பிட்ட பாக்டீரியாக்களால் 40 டிகிரிக்கு மேல் உறையவைத்த ஐரோப்பிய யோகர்ட்டைப் பற்றியது. நம் வீட்டில் முந்தைய நாள் தயிரிலிருந்து எடுத்த உறையில் வீட்டுக்கு வீடு, பருவத்துக்குப் பருவம் நுண்ணுயிர்க் கூட்டம் மாறும். அங்கே கிடைத்த முடிவை இங்கே அப்படியே கொண்டுவருவது எவ்வளவு தூரம் சரி என்பது தீராத கேள்வி. ஆயுர்வேதம் சொல்லும் விளைவு பல ஆண்டுகளில் வெளிப்படுவது. நாம் பார்த்த சோதனைகளோ சில வாரங்களில் முடிந்தவை.

இரண்டையும் இணைக்க ஒரு வழி இருக்கிறது. பழகியவர்–பழகாதவர், குறைவாக உண்பவர்–மிகுதியாக உண்பவர், இளையவர்–முதியவர், உழைப்பவர்–அமர்ந்திருப்பவர் என்று சரகர் விதித்த விலக்குகளையே பங்கேற்பாளர்களைப் பிரிக்கும் பிரிவுகளாக வைக்கலாம். வீட்டுத் தயிரையும் பூவன் பழத்தையும் ஒரே வேளையில் ஒரு பிரிவுக்கும், காலை, மாலை என்று தனித்தனி வேளைகளில் இன்னொரு பிரிவுக்கும் கொடுத்துச் செரிமானத்தையும் அழற்சிக் குறிகளையும் ஓராண்டாவது தொடரலாம். பழைய விதி சரியானால், வேறுபாடு பழகாதவரிடமும் முதியவரிடமும் முதலில் தெரிய வேண்டும்.